ஒரு சரக்கறை, பல வாசல்கள்

நுழையும் முன்

கைப்பேசித் திரையே இன்று பலருக்குக் கடைத்தெருவாகிவிட்டது. திரையில் தோன்றும் ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் அதைச் செய்தவர் ஒருவரும், விற்பவர் ஒருவரும், ஒரு கணக்கேடும் உண்டு. ஒரே பொருளைப் பல இணைய அங்காடிகளில் விற்கும் சிறு வணிகரின் உழைப்பையும், அவ்வுழைப்பைத் தாங்கி நிற்கும் வாய்மையையும் பற்றியது இப்பாடம்.

மக்கள் கூடும் இடம்

மக்கள் கூடும் இடத்தை நாடியே வணிகம் என்றும் நடந்து வந்துள்ளது. கடற்கரையில் பட்டினங்கள் எழுந்தன. பெருவழிகள் சந்திக்கும் இடங்களில் சந்தைகள் கூடின. திருவிழா நடக்கும் ஊரில் வளையல் கடையும் பொம்மைக் கடையும் முளைத்தன. இருப்புப்பாதை வந்தபின் தொடர்வண்டி நிலையங்களின் வாசல்களில் கடைவீதிகள் உருவாயின. இந்த நெடிய பயணத்தின் அடுத்த நிறுத்தமே இணையம்.

இந்தியாவில் இணைய வணிகம் ஒரே நாளில் வளர்ந்துவிடவில்லை. 1999ஆம் ஆண்டு பெங்களூருவில் தொடங்கிய ஃபேப்மார்ட் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. 2002ஆம் ஆண்டு தொடர்வண்டிப் பயணச்சீட்டை இணையத்தில் பெறும் வசதி வந்தது. முகம் காணாத ஓரிடத்தில் பணம் செலுத்தும் துணிவை அது மக்களுக்குத் தந்தது. 2007இல் பெங்களூருவிலேயே ஃபிளிப்கார்ட் ஒரு புத்தகக் கடையாகத் தொடங்கப்பெற்றது. 2013இல் அமேசான் இந்தியாவுக்கான தன் அங்காடியைத் திறந்தது. 2015இல் மீஷோ தோன்றியது. அரசுத் துறைகள் பொருள் வாங்குவதற்கான 'ஜெம்' என்னும் மின்சந்தை 2016இல் வந்தது. அதே ஆண்டில் அறிமுகமான யுபிஐ, சிற்றூர்க் கடைக்காரரின் கையிலும் பணப் பரிமாற்றத்தை எளிதாக்கியது.

இவ்வாறு வாசல்கள் பலவாயின. ஆனால், அவற்றின் வழியே பொருள் விற்கும் சிறு வணிகரின் சரக்கறை ஒன்றே. ஒன்றைக் கொண்டு பலவற்றை நிறைவு செய்வதே அவர் நாள்தோறும் தீர்க்க வேண்டிய கணக்காகும்.

பொம்மைகளின் ஊர்

பெங்களூருவிலிருந்து மைசூர் செல்லும் வழியில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சன்னபட்டணம். கன்னட மக்கள் அதைப் 'பொம்மைகளின் ஊர்' என்று அழைப்பர். யானைத் தந்தம் போன்ற வெண்மை கொண்ட ஆலெ மரத்தில் இங்குப் பொம்மைகள் செய்யப்படுகின்றன. தமிழில் வெட்பாலை எனப்படும் மரம் அது. நன்கு காய்ந்த மரத்துண்டைக் கடைசல் எந்திரத்தில் பொருத்திச் சுழற்றுவர். உளி பட்டு வடிவம் பிறந்ததும், வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவர். சுழற்சியால் எழும் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தோடு ஒன்றிப் படியும். பின்னர்த் தாழை ஓலையால் தேய்க்க, பொம்மை பளபளக்கும். மஞ்சள் நிறத்துக்கு மஞ்சளும் நீலத்துக்கு அவுரியும் எனச் செடிகொடிகள் தரும் சாயங்களைப் பயன்படுத்தும் வழக்கமும் உண்டு. இப்பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை.

இவ்வூர்ப் பட்டறைகளிலிருந்து பொம்மைகளை விலைக்கு வாங்கி, இணையத்தில் விற்கும் ஒரு பெண்மணியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வீட்டின் முன்னறையே அவருடைய சரக்கறை. மரத்தாலான தொடர்வண்டி, பம்பரம், கிலுகிலுப்பை, தஞ்சாவூர்ப் பொம்மைபோல் தலையாட்டும் உருவங்கள் ஆகியன அங்கே அடுக்கப்பட்டுள்ளன. மூன்று இணைய அங்காடிகளில் அவர் கணக்கு வைத்திருக்கிறார். பொதி கட்ட உதவுபவர் ஒருவர். கணக்கு எழுதுபவர் அவரே.

பல வாசல்கள் ஏன்?

ஒரே அங்காடியில் விற்றால் வேலை குறையுமே என்று தோன்றலாம். ஆனால், ஒவ்வோர் அங்காடிக்கும் வருபவர் வேறு. ஓரிடத்தில் பரிசுப் பொருள் தேடும் நகரத்தார் மிகுதி. அவர்கள் விலையைவிடப் பொதியின் அழகையும் விரைவையும் பார்ப்பர். மற்றோரிடத்தில் சிற்றூர் வாடிக்கையாளர் மிகுதி. பத்து ரூபாய் வேறுபாடும் அவர்களுக்குப் பெரிது. பள்ளிகளும் அலுவலகங்களும் மொத்தமாகக் கேட்பது இன்னோரிடத்தில். எனவே, ஒரு வாசலை மூடினால் ஒரு சாரார் வெளியே நின்றுவிடுவர்.

மற்றொரு காரணமும் உண்டு. இணைய அங்காடி என்பது பிறருக்குச் சொந்தமான தெரு. அதன் விதிகளை அமைப்பவர் வேறு ஒருவர். தரகு விகிதம் உயரலாம். தேடலில் பொருள் தோன்றும் இடம் கீழிறங்கலாம். ஏதேனும் ஒரு சான்று போதவில்லை என்று விற்பனைக் கணக்கே சில நாள் நிறுத்தி வைக்கப்படலாம். வாழ்வாதாரம் முழுவதையும் ஒரே வாசலில் வைத்தவருக்கு அந்த நாள்கள் அடுப்பெரியாத நாள்களாகிவிடும். உழவர் ஒரே பயிரை நம்பி எல்லா நிலத்தையும் விதைப்பதில்லை. அம்முன்னெச்சரிக்கையே சிறு வணிகரையும் பல தளங்களை நாடச் செய்கிறது.

நாற்பது பொம்மைகள், நூற்றிருபது வாக்குகள்

பல வாசல்களைத் திறந்த உடனே ஒரு சிக்கல் எழுகிறது. சரக்கறையில் 40 மரத் தொடர்வண்டிகள் உள்ளன. மூன்று அங்காடிகளிலும் '40 உள்ளன' என்று பதிவு செய்கிறார் வணிகர். இப்போது அவர் உலகத்துக்கு அளித்திருப்பது 120 பொம்மைகளுக்கான வாக்கு. கையில் இருப்பதோ 40. ஒவ்வொரு பதிவும் தனித்தனியே மெய். மூன்றையும் கூட்டினால் பொய்.

இதைத் தவிர்க்க எளிய வழி, சரக்கைப் பிரித்து வைப்பது. முதல் அங்காடிக்கு 20, மற்ற இரண்டுக்கும் பத்துப் பத்து. இதில் மிகுதியாக வாக்களிக்கும் அச்சமில்லை. ஆயினும், முதல் அங்காடியில் 20 பொம்மைகளும் விற்றுத் தீர்ந்து வாடிக்கையாளர் திரும்பிச் செல்லும் வேளையில், மற்றோர் அங்காடிக்கென ஒதுக்கியவை அலமாரியில் உறங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்த வழி, எல்லா வாசல்களுக்கும் ஒரே கணக்கேடு. இதற்கென மென்பொருள்கள் உள்ளன. ஓர் அங்காடியில் ஒரு பொம்மை விற்றவுடன், மற்ற அங்காடிகளிலும் எண்ணிக்கையை அவை தாமே குறைத்துவிடும். ஆனால், அந்தச் செய்தி சென்று சேரச் சில நிமிடங்கள் ஆகலாம். வழக்கமான நாள்களில் அது பொருட்டன்று. விழாக்காலச் சலுகை விற்பனையிலோ, அச்சில நிமிடங்களுக்குள் கடைசிப் பொம்மையை மூவர் வாங்கிவிடக்கூடும்.

பட்டறிவுள்ள வணிகர் இரண்டு வழிகளையும் இணைத்துக்கொள்வர். 40 இருந்தால் 36 என்று மட்டுமே காட்டுவர். நான்கைக் காப்பு இருப்பாக ஒதுக்குவர். எண்ணிக்கை ஐந்துக்கு இறங்கியதும் இரண்டு வாசல்களை மூடி, ஒன்றை மட்டும் திறந்து வைப்பர். அங்காடியின் கிடங்குக்கே முன்கூட்டி அனுப்பிய பொம்மைகள் இருந்தால், அவற்றைத் தனியாக எழுதுவர். ஏனெனில், அவை தமக்கு உரியவையாயினும் உடனே கைக்கு எட்டாதவை.

பெயர்க் குழப்பமும் ஒன்று உண்டு. ஒரே சிவப்புத் தொடர்வண்டிக்கு ஒவ்வோர் அங்காடியும் தனித்தனி அடையாள எண் வழங்குகிறது. அமேசானில் அது 'ஏஎஸ்ஐஎன்' எனவும், ஃபிளிப்கார்ட்டில் 'எஃப்எஸ்என்' எனவும் வழங்கும். ஆகவே, வணிகர் தமக்கென ஒரு சரக்குக் குறியீட்டை முதலில் வகுத்துக்கொண்டு, அதனோடு மற்ற எண்களைப் பொருத்த வேண்டும். சிவப்புக்கும் நீலத்துக்கும் குறியீடு மாறினால், கணக்கு சரியாக இருந்தும் வாடிக்கையாளர் கைக்குத் தவறான பொம்மை சென்று சேரும்.

இவை யாவும் செய்தாலும், வாரம் ஒருமுறை அலமாரி முன் நின்று கையால் எண்ணிப் பார்ப்பதற்கு ஈடில்லை. விரிசல் விட்ட ஒன்று, மாதிரிக்கு எடுத்த ஒன்று, தவறான பெட்டிக்குள் புகுந்த ஒன்று என ஏட்டுக்கும் அலமாரிக்கும் இடையே வேறுபாடு வளர்ந்துகொண்டே இருக்கும். மென்பொருள் தனக்குச் சொல்லப்பட்டதை மட்டுமே அறியும்.

வாக்கு தவறும் நேரம்

நவராத்திரிக் காலம். கர்நாடக இல்லங்களிலும் தமிழர் இல்லங்களிலும் பொம்மைகள் கொலு ஏறும் நாள்கள். இணைய அங்காடிகளின் பெருஞ்சலுகை விற்பனைகளும் அதை ஒட்டியே வருகின்றன. ஒரு காலை வேளையில் அப்பெண்மணி திரையைத் திறக்கிறார். இணையத் தொடர்பு அறுந்திருந்த இரவில், 40 தொடர்வண்டிகளுக்கு 52 வேண்டுகோள்கள் வந்து குவிந்திருக்கின்றன.

அவர் பட்டறைக்கு விரைகிறார். "நான்கு நாளில் இன்னும் பன்னிரண்டு செய்து தர முடியுமா, ஐயா?" என்று முதிய கைவினைஞரிடம் கேட்கிறார்.

"செய்யலாம், அம்மா. ஆனால், காய்ந்த மரம் தீர்ந்துவிட்டது. ஈர மரத்தில் அரக்கு ஏற்றினால் இன்றைக்கு மின்னும். வெயில் காலத்தில் வெடிக்கும். குழந்தை கையில் வெடித்த பொம்மை இருக்கலாமா?" என்கிறார் அவர்.

அவர்முன் மூன்று வழிகள் உள்ளன. கைவினைஞரை வற்புறுத்தி ஈர மரத்திலேயே செய்து வாங்கலாம். மொத்தச் சந்தையில் கிடைக்கும் எந்திரத் தயாரிப்பை வாங்கி, சன்னபட்டணப் பொம்மை என்ற பெயரில் அனுப்பலாம். பார்வைக்கு வேறுபாடு புலப்படாது. அல்லது, பன்னிரண்டு பேருக்கும் உண்மையைச் சொல்லி, வேண்டுகோளை நீக்கிப் பணத்தைத் திருப்பலாம்.

மூன்றாவது வழிக்கு விலை உண்டு. வேண்டுகோளை நீக்கும் வணிகருக்கு அங்காடியில் மதிப்பெண் குறைகிறது. அவருடைய பொருள்கள் தேடலில் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. விழாக்காலத்தின் எஞ்சிய நாள்களில் வரவு மெலிகிறது. முதல் இரண்டு வழிகளுக்கு அன்றைக்கு விலை ஏதும் இல்லை. அதனாலேயே அவை ஈர்க்கின்றன.

அப்பெண்மணி மூன்றாவதையே தேர்கிறார். பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியே மடல் எழுதுகிறார். மரம் காய்ந்தபின் செய்து தர இயலும் நாளையும் குறிப்பிடுகிறார். சிலர் சினந்து எழுதுகின்றனர். சிலர் காத்திருக்க இசைகின்றனர். மதிப்பெண் குறைகிறது. கடைசலின் விரைவுக்கும் திரையின் விரைவுக்கும் இடையே உள்ள தொலைவைச் சொல்லால் மூட முடியாது என்பதை அவர் அறிந்திருக்கிறார். அந்த வாரத்திலிருந்து அவர் காட்டும் எண்ணிக்கை 36 அன்று, 30.

விலையும் வரவும்

எண்ணிக்கைக் கணக்கைப் போன்றே விலைக் கணக்கும் கவனத்துக்குரியது. வரி நீங்கலாக ஒரு தொடர்வண்டியின் விற்பனை விலை 600 ரூபாய் என்று கொள்வோர், 600 ரூபாயும் கைக்கு வரும் என்று எண்ணிவிடலாகாது. ஓர் அங்காடியின் தரகு 12 விழுக்காடு, அதாவது 72 ரூபாய் என்க. நிலையான கட்டணம் 20 ரூபாய். அனுப்புகைக் கட்டணம் 68 ரூபாய். மொத்தம் 160 ரூபாய். இக்கட்டணங்களின் மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 28 ரூபாய் 80 காசு. இவ்வரியைப் பின்னர்த் தம் வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ள இயலுமாயினும், அன்றைய கைப்பணத்தில் அது குறைகிறது. ஆக, வணிகர் கைக்கு வருவது 411 ரூபாய் 20 காசு. கைவினைஞருக்கு 330 ரூபாயும் பெட்டிக்கு 25 ரூபாயும் கொடுத்தபின் எஞ்சுவது 56 ரூபாய் 20 காசு.

விழாவை முன்னிட்டு 10 விழுக்காடு தள்ளுபடி தருமாறு அங்காடி அழைக்கிறது என்று கொள்ளலாம். விலை 540 ஆகிறது. தரகு சிறிது குறைந்து 64 ரூபாய் 80 காசாகிறது. மற்றக் கட்டணங்கள் குறைவதில்லை. கணக்கிட்டுப் பார்த்தால் எஞ்சுவது 4 ரூபாய் 70 காசு மட்டுமே! விலையில் பத்தில் ஒரு பங்கு குறைய, ஆதாயம் ஏறத்தாழ முழுவதும் மறைந்துவிடுகிறது. இந்தக் கணக்கைப் போடாத வணிகர், விற்பனை பெருகப் பெருக வறுமையுறுவர். பின்னர் அவர் கைவைக்கும் முதல் இடம் கைவினைஞரின் கூலியாகவே இருக்கும்.

ஒவ்வோர் அங்காடியின் தரகும் கட்டணமும் வேறு வேறாதலால், எல்லாவற்றுக்கும் தனித்தனியே இக்கணக்கைச் செய்ய வேண்டும். மேலும், இணைய அங்காடிகள் தம் வழியே நடக்கும் விற்பனையில் ஒரு சிறு பங்கை வரியாகப் பிடித்து அரசுக்குச் செலுத்துகின்றன. 2024 ஜூலையில் இது 1 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பிடித்த தொகையை வணிகர் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம். அங்காடியின் அறிக்கை, வங்கியின் வரவு, தம் ஏடு ஆகிய மூன்றையும் மாதந்தோறும் ஒப்புநோக்குபவரே தமக்குரியதை முழுமையாகப் பெறுவர்.

திரும்பி வரும் பொருள்

கடைத்தெருவில் வாங்குபவர் பொம்மையைக் கையிலெடுத்து, உருட்டிப் பார்த்து, மனம் ஒப்பினால் வாங்குவார். இணையத்தில் அந்தப் பார்வை பொருள் வீடு சேர்ந்தபின்பே நிகழ்கிறது. ஆதலால், ஒரு பகுதி திரும்பி வருவது இவ்வணிகத்தின் இயல்பு. பொருளைப் பெறும்போது பணம் தரும் முறையில், கதவு பூட்டியிருந்தாலே பொதி திரும்பிவிடும்.

திரும்பி வந்த பொதியைப் பிரிக்காமலே 'கையிருப்பு ஒன்று கூடிற்று' என்று எழுதுவது பிழை. பொதியைப் பிரித்து, சக்கரம் உருள்கிறதா, அரக்கு பெயர்ந்துள்ளதா என்று பார்த்த பின்னரே அதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். காரணத்தையும் குறித்து வைத்தல் நன்று. 'படத்தில் பெரிதாகத் தெரிந்தது' என்று ஐவர் எழுதினால், குறை பொம்மையில் இல்லை, படத்தில் உள்ளது. ஒரு பெரியவரின் உள்ளங்கையில் பொம்மையை வைத்து எடுத்த படம் ஒன்றைச் சேர்த்தால், திரும்பும் பொதிகள் குறையும்.

சட்டம் காட்டும் நெறி

வாங்குபவரும் விற்பவரும் ஒருவரை ஒருவர் காணாத வணிகத்தில், சட்டம் இருவருக்கும் நடுவே நிற்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், இணையத்தில் விற்பவர் தம் பெயர், முகவரி முதலிய விவரங்களை வெளிப்படுத்த வேண்டும் என்கின்றன. குறைகேட்கும் அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும். முறையீடு வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். விற்பவரே வாடிக்கையாளர்போல் நடித்துத் தம் பொருளைப் புகழ்ந்து எழுதுதல் கூடாது. பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதையும் மறைத்தல் கூடாது. தீர்வு கிட்டாத நுகர்வோர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

வாசல்களைப் பெருக்கும் முயற்சிகளும் தொடர்கின்றன. ஓஎன்டிசி என்னும் திறந்த மின்வணிக வலையமைப்பு 2021 டிசம்பரில் நிறுவப்பெற்றது. 2022இல் அதன் முன்னோட்டம் தில்லி, பெங்களூரு, போபால், ஷில்லாங், கோயம்புத்தூர் ஆகிய நகரங்களில் தொடங்கியது. இதில் வணிகர் ஒரு செயலியில் பொருளைப் பதிந்தால், வாங்குபவர் வேறொரு செயலியிலிருந்தும் அதைக் காணலாம். பதியும் உழைப்பு இதனால் குறையலாம். ஆயினும், பதியும் எண்ணிக்கை மெய்யாக இருக்க வேண்டும் என்ற கடமை குறையாது. அவ்வெண்ணைக் காணும் கண்கள் மிகுவதால், கடமையும் மிகும்.

எண்ணும் வாக்கும்

இணைய வணிகத்தின் வெற்றி விளம்பரத்திலும் தள்ளுபடியிலும் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அவையும் வேண்டுவனவே. எனினும், திரையில் 'இரண்டு மட்டுமே உள்ளன' என்று காணும் ஒருவர், தம் பிள்ளையின் பிறந்தநாளை எண்ணி அதை நம்புகிறார். அவர் முன்பணமாகச் செலுத்துவது ரூபாயை மட்டுமன்று. அந்த 'இரண்டு' என்னும் எண், கடைக்காரர் நேரில் நின்று சொல்லும் சொல்லுக்கு நிகரானது.

விழா முடிந்து மூன்று மாதங்களுக்குப்பின், காய்ந்த மரத்தில் செய்த தொடர்வண்டிகள் சன்னபட்டணத்துப் பட்டறையிலிருந்து வருகின்றன. காத்திருக்க இசைந்தவர்களுக்கு அவை முதலில் செல்கின்றன. எஞ்சியவற்றை அப்பெண்மணி கையால் எண்ணி, ஏட்டில் எழுதி, பிறகே மூன்று வாசல்களையும் திறக்கிறார்.

கற்பவை கற்றபின்

1. 'ஒவ்வொரு பதிவும் தனித்தனியே மெய். மூன்றையும் கூட்டினால் பொய்' என்னும் தொடரின் பொருளைப் பாடத்தின் வழி விளக்குக.

2. பாடத்தில் உள்ள தொடர்வண்டிக்கு 5 விழுக்காடு தள்ளுபடி அளித்தால் வணிகருக்கு எஞ்சும் தொகையைக் கணக்கிடுக.

3. உங்கள் பகுதியில் செய்யப்படும் கைவினைப்பொருள் ஒன்றைத் தேர்ந்து, இணையத்தில் விற்பதற்கேற்ற உண்மையான விவரக் குறிப்பை எட்டு வரிகளில் எழுதுக.

4. மூன்று வழிகளுள் அப்பெண்மணி தேர்ந்த வழி சரியானதா? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து உரையாடுக.